சக்கரம் சுழல்கிறது, நீர் எங்கே?

மலையூர் ஒன்றின் உல்லாச விடுதியில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரம் இருக்கும். மரத்துக்குக் கரும்பழுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். சுற்றிலும் புல்தரை, முன்னால் 'பழங்கால நீராலை' என்று ஒரு பலகை. மேலே இருந்த தொட்டியிலிருந்து நீர் வழிய, சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொண்டேன். திடீரென்று மின்சாரம் நின்றது. சக்கரமும் நின்றுவிட்டது. தொட்டியில் மிச்சமிருந்த நீர் மட்டும், அசையாத அந்தச் சக்கரத்தின்மேல் இன்னும் சற்று நேரம் வழிந்துகொண்டே இருந்தது.

நீரால் சுழலும் சக்கரம் என்றால், நீர் விழும்போதே அது ஏன் நின்றது? விடை எளிது. அச்சின் பின்புறத்தில், செடிகளின் மறைவில், ஒரு மின்மோட்டார் இருந்தது. நீர் சக்கரத்தைச் சுழற்றவில்லை. வெறும் அலங்காரமாகத்தான் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. காவலாளி ஓடிப்போய் டீசல் ஜெனரேட்டரை இயக்கினார். நீராலை மீண்டும் சுழலத் தொடங்கியது!

விடுதிக்காரர் தம் முற்றத்தில் எதை வேண்டுமானாலும் சுழலவிடலாம். அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் பழஞ்சின்னங்களைப் பேணுகிறோம், அருங்காட்சியகம் அமைக்கிறோம் என்ற பெயரிலும் இதே வேலை நடக்குமானால், அதை விமரிசிக்க வேண்டியது அறிவியல் படிப்பவர்களின் கடமை. கைவிடப்பட்ட நீராலை ஒன்றை மீட்பது என்றால் எதை மீட்பது? கட்டடத்தையா, சக்கரத்தையா, கல்லையா? நான் சொல்லப் போவது ஒன்றுதான்: நீராலையின் முதல் உறுப்பு நீர். அதை மீட்காமல் மற்றதையெல்லாம் மீட்டாலும், நம்மிடம் இருப்பது ஆலையின் பொம்மையே.

இதை நான் விக்கிரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் நீராலை என்பது வழக்கத்தில் இருந்ததில்லை. செக்கு உண்டு, ஏற்றம் உண்டு, கமலை உண்டு. வீட்டுக்கு வீடு திருகையும் உரலும் இருந்தன. ஏரியும் வாய்க்காலும் நிறைந்த நாட்டில், நீரைக் கொண்டு ஒரு திருகையைச் சுழற்ற யாருக்கும் தோன்றவில்லையா? நம் முன்னோருக்கு அறிவு போதவில்லை என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஓடும் நீரிலிருந்து கிடைக்கும் திறன் இரண்டைப் பொறுத்தது: வினாடிக்கு எவ்வளவு நீர் வருகிறது, அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. வினாடிக்கு 100 லிட்டர் நீர் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், அதில் அடங்கியுள்ள திறன் ஏறத்தாழ 1 கிலோவாட். இமயமலைச் சரிவுகளில் 'கராட்' எனப்படும் சிறு நீராலைகள் இருக்கின்றன. அங்கே ஓர் ஓடையிலிருந்து வினாடிக்கு 40 லிட்டர் நீரை மரத் தொட்டி வழியே 4 மீட்டர் கீழே பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். திறன் சுமார் 1,570 வாட். பழைய முறை மரச் சக்கரம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பிடித்துக்கொள்ளும். மிச்சம் தெறித்தும் உராய்ந்தும் வீணாகிவிடும். கல்லுக்குப் போய்ச் சேர்வது சுமார் அரைக் குதிரைத்திறன். அதாவது, செக்கைச் சுற்றும் ஒரு மாட்டின் வலு. வைக்கோல் கேட்காத, இரவிலும் களைக்காத மாடு.

அதே மாட்டை எங்கள் சமவெளியில் நீரிலிருந்து பிடிக்க முடியுமா? கல்லணையிலிருந்து கடல்வரை காவிரிப் படுகை கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறங்குவதில்லை. நான்கு மீட்டர் வீழ்ச்சி வேண்டுமென்றால், வாய்க்காலைச் சரிவு குறையாமல் எட்டு, பத்துக் கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வழியில் இருக்கும் வயல்காரர்கள் சும்மா விடுவார்களா? அந்த நீரும் ஆண்டு முழுதும் வருவதில்லை. போதாக்குறைக்கு நாம் சோறு உண்பவர்கள். நெல்லுக்கு உலக்கை போதும். நாள்தோறும் மூட்டை மூட்டையாக மாவு அரைக்க வேண்டிய தேவை கோதுமை தின்னும் நாடுகளுக்கு இருந்த அளவு நமக்கு இல்லை. இங்கே நீரின் வேலை பயிரை வளர்ப்பது. அரைப்பது மாட்டின் வேலையும் பெண்களின் கையுமாக இருந்தது. (பெண்களின் கை என்று எளிதாக எழுதிவிட்டேன். திருகையை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தவர்கள் அந்த இரண்டு சொற்களை இவ்வளவு சுருக்கமாகத் தாண்டமாட்டார்கள்.)

வீழ்ச்சி கிடைத்த இடத்தில் தமிழ்நாடும் நீரை விட்டுவைக்கவில்லை. பொருநை மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்தில், 1880களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை அமைத்தபோது அந்த இடத்தைத் தேர்ந்ததே அருவியின் வலுவுக்காகத்தான். அந்த ஊரின் பெயர் விக்கிரமசிங்கபுரம். எங்கள் விக்கிரமங்கலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, நம் நாட்டில் பழைய நீராலை ஒன்றை நினைவுச் சின்னமாகப் பேணி, மக்கள் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் இடம் எது? மகாராட்டிரத்தின் அவுரங்காபாத் நகரில் (2023 முதல் அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர்) காம் ஆற்றின் கரையில் இருக்கும் 'பன்சக்கி'. பெயரே 'நீர்த் திருகை' என்றுதான் பொருள்படும். அங்கே பாபா ஷா முசாபிர் என்ற சூபி ஞானியின் அடக்கத்தலம் உள்ளது. அதை ஒட்டிய இந்த ஆலை, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை படிப்படியாக உருவானது. தலத்துக்கு வரும் பயணிகளுக்கும் அங்கே தங்கிய சீடர்களுக்கும் ஏழைகளுக்கும் தேவையான தானியத்தை அரைத்துக் கொடுப்பது அதன் பணி.

பன்சக்கிக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது நீள்சதுரக் குளம். ஒரு பக்கத்தில் உயரமான சுவர். அதன் உச்சியிலிருந்து நீர் அருவியாகக் குளத்தில் விழுகிறது. பழைய ஆலமரம் ஒன்று நிழல் தருகிறது. குளத்தின் அடித்தளமே, கீழே இருக்கும் பெரிய மண்டபத்தின் கூரை. மேலே நீர் நிற்பதால் கோடையிலும் மண்டபம் குளிர்ந்திருக்கும். கட்டியவர்கள் வெப்பத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள்! ஒரு மூலையில் சிறிய அறை. அதில் திருகைக் கல். கல்லுக்கு நேர் கீழே, கண்ணுக்கு எளிதில் தெரியாத பள்ளத்தில், கிடையாகச் சுழலும் சக்கரம். விழும் நீர் அதன் தகடுகளில் மோத, அச்சு சுழல்கிறது. அச்சோடு மேற்கல்லும் சுழல்கிறது. பல்சக்கரம் எதுவும் தேவையில்லை. நிமிர்ந்து நிற்கும் பெரிய சக்கரத்தை மட்டுமே நீராலை என்று படங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு, இது ஆலையாகவே தோன்றாது.

ஆனால் பன்சக்கியின் உண்மையான பெருமை இந்த வளாகத்துக்குள் இல்லை. நகருக்கு வெளியே, 6 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில், குன்றுப் பகுதியில் ஊறும் நீரை மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்கள் வழியே இங்கே கொண்டுவந்தார்கள். மூடிய குழாயில் வரும் நீர், பள்ளத்தில் இறங்கினாலும் மறுபக்கம் ஏறக்குறையத் தன் ஊற்றின் மட்டத்துக்கு ஏறும் இயல்புடையது. பள்ளிக்கூடத்தில் ரப்பர்க் குழாயின் இரு முனைகளையும் தூக்கிப் பிடித்து நீங்கள் பார்த்த அதே இயல்புதான். அடைத்துக்கொள்ளும் காற்று வெளியேறவும் அழுத்தம் மிகாமல் இருக்கவும் வழியில் ஆங்காங்கே உள்ளீடற்ற தூண்களை எழுப்பினார்கள். கடைசியில், சுவருக்குள் மேலேறிய நீர் அருவியாகக் கொட்டியது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை.

இந்தக் கலைக்கு அந்நகரில் ஒரு முன்னோடி உண்டு: மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்துக்கு வந்து, அகமதுநகர் அரசின் ஆட்சியையே கையில் வைத்திருந்த பேரமைச்சர் அவர். 1610இல் கட்கி என்ற பெயரில் இந்நகரை நிறுவி, மண்ணுக்கடியில் ஓடும் நீர்க்கால் ஒன்றை அமைத்தார். அவர் 1626இல் மறைந்தார். பின்னால் வந்தவர்கள் அதே வழியில் மேலும் பல நீர்க்கால்களைச் சேர்த்தார்கள். பன்சக்கியின் நீர்க்காலும் அவற்றுள் ஒன்று.

இங்கேதான் என் குறை. பன்சக்கியைப் பார்க்க வருபவர் குளத்தையும் அருவியையும் கல்லையும் பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார். அவருக்குக் காட்டப்படுவது கதையின் கடைசிப் பக்கம் மட்டும். முந்திய பக்கங்கள் எல்லாம் நகரத்தின் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடக்கின்றன. சுற்றுச்சுவருக்குள் இருப்பதைச் சின்னம் என்று பேணுகிறோம். சுவருக்கு வெளியே ஓடும் குழாயையோ பேணத் தக்க பொருளாக யாரும் எண்ணுவதில்லை. அதன்மேல் கட்டடம் எழும்புகிறது, எங்கோ ஓரிடத்தில் உடைந்து கசிகிறது, ஊற்றுப் பகுதியில் நிலத்தடி நீர் இறங்குகிறது. விளைவு என்ன? அருவி மெலிகிறது, கல் நிற்கிறது. களிமண் குழாயில் ஆறாவது கிலோமீட்டரில் விழுந்த விரிசல், முதல் மீட்டரில் இருக்கும் திருகையை நிறுத்திவிடும். அருங்காட்சியகத்துக்கு எல்லை வகுப்பவர்கள் இந்தக் கணக்கைப் படித்திருக்க வேண்டும்.

நீரை மீட்பது செலவு மிகுந்தது, நகரம் வளர்ந்துவிட்டது, மோட்டாரை வைத்துச் சுழற்றிக் காட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் இளக்காரமாகத் தள்ளிவிடவில்லை. மாணவன் ஒருவன் கல் சுழல்வதைப் பார்ப்பது, நின்ற கல்லைப் பார்ப்பதைவிட மேல்தானே? மேல்தான், ஆனால் பலகையில் 'இது மின்சாரத்தால் சுழல்கிறது' என்று எழுதியிருக்க வேண்டும். நின்ற கல் குறைந்தது உண்மையைச் சொல்கிறது: நீர் நின்றுவிட்டது என்று. மோட்டாரில் சுழலும் கல், நீர் இன்னும் வருகிறது என்று பொய் சொல்கிறது. பொய்யைப் பார்த்துவிட்டுப் போகும் மாணவன், நீர் எங்கே போயிற்று என்று கேட்கவே மாட்டான். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

மீட்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, கழுவித் துடைப்பது. இதற்குப் பிரான்சு நாட்டின் பார்பெகால் என்ற இடம் நல்ல பாடம். ஆர்ல் நகருக்கு அருகே, உரோமானியர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒரு குன்றுச் சரிவில் வரிசைக்கு எட்டாக இரு வரிசைகளில் 16 நீர்ச்சக்கரங்களை அமைத்திருந்தார்கள். மரச் சக்கரங்கள் மக்கிப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஓடிய நீரில் சுண்ணாம்பு மிகுதி. ஆலை இயங்கிய காலத்தில் சக்கரத்தின்மேலும் மரத் தொட்டிகளின்மேலும் அது படிந்து கல்லாக இறுகியது. மரம் போய்விட்டது, அதன் அச்சு படிவத்தில் தங்கிவிட்டது. எங்கள் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பூமியில் வெந்நீர்ப் பானையின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிவத்தை விளக்க வேண்டியதில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர்கள் நாங்கள்.

அந்தப் படிவத் துண்டுகளை ஆராய்ந்து 2018இல் ஒரு குழுவினர் முடிவுகளை வெளியிட்டார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல, படிவத்திலும் பருவத்துக்கேற்ற அடுக்குகள் இருந்தன. ஆலை ஆண்டு முழுதும் ஓடவில்லை, ஒவ்வோர் ஆண்டும் சில மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்தது என்று அவை காட்டின. மாவு நெடுநாள் கெடாமல் இராது. ஆகவே, ஒரு நகரத்துக்கு அன்றாட ரொட்டி மாவு அரைக்கும் ஆலை மாதக்கணக்கில் நின்றிருக்க முடியாது. கப்பல் பயணத்துக்கான, கெடாத உலர் ரொட்டி செய்ய இங்கே அரைத்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். யாராவது முன்பே 'அழுக்கு' என்று அந்தப் படிவத்தைச் சுரண்டி எறிந்திருந்தால்? ஆலையின் நாட்குறிப்பையே எரித்ததாக ஆகியிருக்கும். அமிலம் ஊற்றிக் கழுவிப் பளபளப்பாக்குவதற்கு முன், பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஸ்டையல் என்ற ஊரில் குவாரி பாங்க் பஞ்சாலை இருக்கிறது. சாமுவேல் கிரெக் என்பவர் பாலின் ஆற்றங்கரையில் 1784இல் தொடங்கியது. 1939இல் அவருடைய வழிவந்தவர் அதை 'நேஷனல் டிரஸ்ட்' என்ற பொது அறக்கட்டளைக்குக் கொடுத்தார். இன்று அது அருங்காட்சியகம். அங்கே சுழலும் பெரிய இரும்புச் சக்கரம் அந்த ஆலையினுடையது அன்று. வேறோர் ஆலையிலிருந்து கொண்டுவந்து பொருத்தியது. கறாரான விமரிசகர் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. சக்கரம் வேறு ஆலையிலிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. சுழற்றுவது அதே ஆற்றின் நீர். அதைவிட முக்கியமானது, ஆலையில் வேலை செய்த சிறுவர் சிறுமியர் அடைபட்டுக் கிடந்த விடுதியையும் பாதுகாத்துக் காட்டுகிறார்கள் என்பது. இயந்திரத்தின் அழகை மட்டும் காட்டிவிட்டு, அதன் அருகே நின்ற கைகளை மறைத்துவிடும் அருங்காட்சியகங்கள் ஏராளம்.

கைகள் என்றதும் ஆலந்து நாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே பழைய காற்றாலைகளும் நீராலைகளும் நூற்றுக்கணக்கில் இன்றும் சுழல்கின்றன. பெரும்பாலானவற்றை இயக்குபவர்கள் சம்பளம் பெறாத தொண்டர்கள். ஆசிரியர், எழுத்தர், ஓய்வு பெற்றவர் என்று பலரும் முறையாகப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, ஆலையை இயக்கும் தகுதி பெறுகிறார்கள். 1972இல் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2017இல் யுனெஸ்கோ, கட்டடங்களை அல்ல, ஆலையை இயக்கும் அந்தத் தொழில் திறமையையே மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இதில் உணர்ச்சி மட்டுமில்லை, பொறியியலும் இருக்கிறது. மரச் சக்கரத்தை நிறுத்திவைத்தால் அடிப்பாதி நீரில் ஊறும், மேல்பாதி வெயிலில் காயும். ஊறிய பக்கம் கனக்கும். சக்கரம் சமநிலை இழக்கும். காய்ந்த பக்கம் பிளக்கும். அவ்வப்போது சுழலும் சக்கரமோ ஒரே சீராக நனைந்து பல ஆண்டுகள் நிற்கும். கல்லும் அப்படித்தான். அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மிக்கே ஆண்டுக்கொரு கொத்து வேண்டுமென்றால், மணிக்கணக்கில் சுழலும் திருகைக் கல்லுக்கு எத்தனை வேண்டும்! பள்ளங்கள் தேய்ந்த கல் மாவரைக்காது. தானியத்தை நசுக்கிச் சூடேற்றும். ஆகவே நீராலை அருங்காட்சியகத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் வண்ண விளக்குக்கு முன்னால் இருக்க வேண்டிய இனம், கல் கொத்துகிறவரின் கூலி.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் திரும்புவோம். விக்கிரமங்கலத்தில் நீராலை இல்லை. ஆனால் நீராலைக்கு உரிய அதே கேள்வி எங்களையும் விடவில்லை. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் அங்கே கோயிலை மட்டும் எழுப்பவில்லை. சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்மயமான வெற்றித் தூண் என்று போற்றுகிறது. இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். கோயில் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. வரிசையின் பெயரைக் கவனியுங்கள்: 'வாழும் பெருஞ்சோழர் கோயில்கள்'. வாழும் என்ற அடைமொழி ஏன்? அங்கே இன்றும் பூசை நடக்கிறது, விளக்கு எரிகிறது. ஏரிக்கு அந்த அடைமொழி வேண்டுமென்றால் கரையும் மதகும் இருந்தால் போதாது. வரத்துக் கால் திறந்திருக்க வேண்டும், நீர் பாய வேண்டும்.

ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது, கல் தேவைப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்று மதிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டுபோனார்கள். படிக்கும்போது மனம் பதைக்கிறது. ஆனால் அந்த அணையிலிருந்து பிரியும் வடவாறுதான் இன்றும் வீராணம் ஏரிக்கு நீர் கொண்டுபோகிறது. நீருக்காகச் சின்னத்தை அழித்தார்கள் அன்று. பன்சக்கியில் சின்னத்தைக் காப்பாற்றி நீரைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டில் எது பெரிய குற்றம் என்று என்னைக் கேட்டால், சட்டென்று பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எங்கள் ஊர்களில் அருங்காட்சியகம் வேண்டுமென்று ஆர்வம் உள்ள இளைஞர்கள் பேசுகிறார்கள். நல்லது. ஆனால் கேரளத்திலோ இமயத்திலோ பார்த்த சக்கரம் ஒன்றைச் செய்து, மோட்டார் பூட்டிச் சுழலவிட வேண்டாம். நம்மிடம் குமிழித் தூம்பு இருக்கிறது. ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள், நடுவே கல்மூடியைத் தூக்கி இறக்கும் கம்பி, அடியில் நீர் வெளியேறும் துளையும் சேறு வெளியேறும் துளையும் என்று அமைந்த அந்த மதகு, எந்த நீராலைக்கும் குறைந்த பொறியியல் அன்று. இன்று பல ஏரிகளில் அது மண்ணில் புதைந்து, ஆடு கட்டும் தூணாக நிற்கிறது. கொடையளித்தவர் பெயரைப் பொறித்த கல்செக்குகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. சில இடங்களில் செக்கு எது சிவலிங்கம் எது என்று தெரியாமல் மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். அதிலும் ஒரு நன்மை, உடைக்காமல் விட்டார்களே! தூம்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து கண்ணாடிக் கூண்டில் நிறுத்துவதைவிட, ஏரியைத் தூர்வாரி, தூம்பு இருக்கும் இடத்திலேயே அதைத் திறந்து காட்டினால் மேல். கல்செக்கில் ஆண்டுக்கு ஒரு நாளாவது எள் ஆட்டி, வந்தவர்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் கொடுத்தனுப்பலாம்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஏரி மதகு திறந்திருக்கும்போது, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போங்கள். நேராக ஓடும் பகுதியில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சிகளை நடுங்கள். ஒரு தேங்காய் நெற்றை மேல் குச்சிக்கு முன்னால் மிதக்கவிட்டு, கீழ்க் குச்சியை அடைய எத்தனை வினாடி ஆகிறதென்று பாருங்கள். இருபது வினாடி என்றால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட விரைவாக ஓடும், ஆகவே 0.85ஆல் பெருக்குங்கள். வாய்க்கால் 1 மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 127 லிட்டர் ஓடுகிறது. மதகடியில் அரை மீட்டர் வீழ்ச்சி இருந்தால் திறன் சுமார் 620 வாட். நல்ல சக்கரம் ஒன்று அதில் பாதியைப் பிடித்தால் 310 வாட், ஒரு மாட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவை மாதம் ஒரு முறை எடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். நீர் வராத மாதங்களில் '0' என்று எழுத மறக்காதீர்கள்.